நின்ற தொடரும் நில்லாத பேச்சும்

கதை முடிவது ஒன்று. கதை நிறுத்தப்படுவது மற்றொன்று. முடிந்த கதையில் ஆசிரியன் தன் கருத்தை நிறைவேற்றியபின் தானே எழுதுகோலைக் கீழே வைக்கிறான். நிறுத்தப்பட்ட கதையிலோ எழுதுகோல் அவன் கையினின்றும் வாங்கப்படுகிறது. தலைவன் என்ன ஆனான், பகைவன் வீழ்ந்தானா, பிரிந்தவர் கூடினரா என்னும் வினாக்கள் விடையின்றி நிற்கின்றன. விடை கூறவேண்டியவன் வாய் மூடியபின், கேட்டவர் தம்முள் பேசத் தொடங்குகின்றனர். ரசிகர் என்று வழக்கில் வழங்கும் சுவைஞர்தம் அப்பேச்சு சிறுபிள்ளைத்தனமானது என்று ஒதுக்கத்தக்கதா, திறனாய்வு என்று மதிக்கத்தக்கதா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள்.

இவ்வாராய்ச்சிக்குத் தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் தொடர்களை, அவற்றுள்ளும் ‘சூப்பர் ஹீரோ’ என்று சிறுவர் அழைக்கும் அருந்திறல் வீரர்களின் கதைகளை எடுத்துக்கொள்வோம். பெரியோர் சிலர்க்கு இப்பொருள் எளியதாகத் தோன்றலாம். ஆயின், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள நம் இல்லங்களில் பிள்ளைகள் முதன்முதல் கேட்கும் நெடுங்கதை இன்று பெரும்பாலும் பாட்டியின் வாயிலிருந்து வருவதன்று; தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வருவது. ஒரு கதை நன்று, ஒரு கதை தீது என்று அவர்கள் முதன்முதல் தீர்ப்புக் கூறிப் பழகும் இடமும் அதுவே. தமிழாசிரியர்கள் இதனைப் புறக்கணித்தல் இயலாது.

சருகுமான் முதல் வௌவால் வரை

நம் நாட்டு அசைவோவிய வரலாறு கோலாலம்பூரை அடுத்த பெட்டாலிங் ஜெயாவில் இயங்கிவந்த ‘பிலெம் நெகாரா’ என்னும் அரசுத் திரைப்பட நிலையத்தோடு நெருங்கிய தொடர்புடையது. மலாய் மக்களின் நாட்டுப்புறக் கதைகளில் வரும் அறிவிற் சிறந்த சருகுமானைத் தலைவனாக வைத்து ‘ஹிகாயாட் சாங் கஞ்சில்’ என்னும் குறும்படத்தை அங்கு உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். அப்பெயர் தமிழ்ச் செவிக்கு அயலாக ஒலியாது. 1978-இல் உருவான அப்படம் 1983-இல்தான் தொலைக்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. அவரைத் தொடர்ந்து ஹசான் முத்தலிப், சருகுமானும் குரங்கும், சருகுமானும் முதலையும் ஆகிய கதைகளை 1984-இலும் 1987-இலும் படமாக்கினார். வலிமை குன்றிய சிறு விலங்கு அறிவினால் வலிய விலங்கை வெல்லும் கதைகள் இவை. நம் முயலும் சிங்கமும் கதையைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இச்சுவை புதிதன்று.

1990-களின் நடுப்பகுதியில் ‘உசோப் சொந்தோரியான்’ என்னும் நெடுந்தொடர் வந்தது. கேலிச்சித்திரக்காரர் உஜாங்கின் படைப்பாகிய அது சிற்றூர்ச் சிறுவர் வாழ்வைக் காட்டியது. அதன் உருவாக்கத்தில் பங்குகொண்ட கம்ன் இஸ்மாயில், பின்னர் 1998-இல் ‘கெலுவாங் மேன்’ என்னும் தொடரை அளித்தார். யு.ஏ.எஸ். அசைவோவிய நிலையம் உருவாக்க, அரசுத் தொலைக்காட்சியின் முதல் அலைவரிசையில் அது ஒளிபரப்பாயிற்று. இந்நாட்டு மண்ணில் பிறந்த அருந்திறல் வீரன் என்று இன்றளவும் பெரிதும் நினைக்கப்படுபவன் இவனே.

‘கெலுவாங்’ என்னும் மலாய்ச் சொல் பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும். ஜொகூர் மாநிலத்து நகர் ஒன்றும் அச்சொல்லையே பெயராகக் கொண்டுள்ளது. அமெரிக்க நாட்டு வௌவால் வீரன் பெருஞ்செல்வன். மாளிகையும் வண்டியும் படைக்கலமும் உடையவன். நம் நாட்டு வௌவால் வீரனாகிய போர்ஹானோ, ஜொகூர் பாருவின் தம்போயில் உள்ள மனநல மருத்துவமனையில் தங்கியிருக்கும் நோயாளி. பகலில் அவன் சொல்லை எவரும் பொருட்படுத்துவதில்லை. இரவில் அவன் வெளியேறி நகரைக் காக்கிறான். மைனாவைக் குறிக்கும் ‘தியோங்’ என்னும் பெயர் பூண்ட தோழன் ஒருவனும் அவனுக்கு உண்டு.

சுவைஞர் கண்டது யாது?

2000-களின் நடுப்பகுதிக்குள் இத்தொடரின் ஒளிபரப்பு ஓய்ந்தது. அதனைச் சிறுவயதிற் கண்டவர்கள் இன்று முப்பதும் நாற்பதும் கடந்தவர்கள். இருந்தும் அவன் மறக்கப்படவில்லை. 2025-இல் அன்வாரி அஷ்ராஃப் இயக்க, நஸ்-தி போர்ஹானாக நடிக்க, ‘கெலுவாங் மேன்’ திரைப்படமாக வந்தது. ஓய்ந்த தொடர் ஒன்று இருபது ஆண்டு கழித்து வேறு வடிவில் எழுவதற்கு, அதனைக் கண்டவர் நெஞ்சில் அது தங்கியிருத்தல் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை.

அங்ஙனம் தங்கியது யாது என்று நோக்கின், தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாட்டியல் நமக்குத் துணை நிற்கிறது. மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையும் பெருமிதமும் வெவ்வேறானவை. இகழ்ச்சி, இளமை, பேதைமை, மடமை என்பன நகைக்கு நிலைக்களன்கள். கல்வியும் அஞ்சாமையும் புகழும் கொடையும் பெருமிதத்திற்கு நிலைக்களன்கள். அருந்திறல் வீரன் கதை பொதுவாகப் பெருமிதத்தையே நாடும். கெலுவாங் மேனின் தனிச்சிறப்பு, இவ்விரண்டையும் ஒருவனிடத்தே கூட்டியது. எவன் பேதை என்று ஊரார் நகைக்கின்றனரோ, அவனே அஞ்சாமையுடன் ஊரைக் காக்கிறான். ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்றும் ‘தம்போய்’ என்றும் ஊர்ப்பெயர்களையே ஏளனச் சொல்லாகப் பயன்படுத்தி, மனம் நொந்தவர்களை நம் மக்கள் இழிவுசெய்தல் கண்கூடு. அத்தகைய இடத்திலிருந்து ஒரு வீரனைப் புறப்படச் செய்தது, சிறுவர் கதையினுள் வைத்த சிறந்த அறமாகும். இறைவனையே பித்தன் என்று அழைத்துப் பாடிய மரபில் வந்த நமக்கு, உலகம் பித்து என்பது எப்போதும் பித்தாகாது என்பதை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை.

ஆயினும், இதனை மறுத்துரைப்பாரும் உண்டு. மனநோயாளியை நகைப்பொருளாக்கியது தவறு என்பது அவர் கூற்று. நோயாளி நகைக்கப்படுவதற்கும், நோயாளியை நகைப்பவர் பிழை வெளிப்படுவதற்கும் இடையே நூலிழை வேறுபாடே உண்டு. தொடர் சில வேளைகளில் முதலாவதன் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்று இவர்கள் கூறின், அதனையும் செவிமடுக்கவேண்டும். அன்பு காரணமாகப் புகழ்வதும், அறம் காரணமாகக் குறை காண்பதும் ஒரே படைப்பைப் பற்றி எழக்கூடும். அங்ஙனம் எழுதல் அப்படைப்பு உயிரோடிருப்பதற்கு அடையாளமாகும்.

தொடரை நிறுத்துவது எது?

நல்ல தொடராயின் ஏன் நிற்கவேண்டும் என்று பிள்ளைகள் வினவுவர். சுவை குன்றியதால் நின்றது என்பது பெரியோர் பலர் கூறும் எளிய விடை. அவ்விடை எல்லா இடத்தும் பொருந்தாது. இதனைத் தெளிவாக்கும் எடுத்துக்காட்டு ஒன்று அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. உலகெங்கும், நம் நாட்டிலுங்கூட, இளைஞர் அறிந்த தொடர் அது.

‘யங் ஜஸ்டிஸ்’ என்னும் அத்தொடர் 2010 நவம்பரில் ‘கார்ட்டூன் நெட்வொர்க்’ அலைவரிசையில் தொடங்கிற்று. கிரெக் வைஸ்மன், பிராண்டன் வியெட்டி ஆகிய இருவர் அதனைப் படைத்தனர். பெயர்பெற்ற வீரர்களின் இளந்தோழர்கள், ‘நாங்கள் இனியும் உதவியாளர் அல்லோம்’ என்று தாமே ஓர் அணியாகத் திரள்வது கதை. முதற்பருவம் 26 பகுதிகள். இரண்டாம் பருவம் 20 பகுதிகள். இரண்டாம் பருவத்தின் இறுதிப் பகுதி 2013 மார்ச்சில் ஒளிபரப்பாயிற்று. அதனோடு தொடர் நிறுத்தப்பட்டது. இறுதியில் அணியினருள் ஒருவனாகிய வாலி வெஸ்ட் மறைந்துபோகிறான். அனைத்தினும் பெரிய பகைவன் அப்போதுதான் தலைகாட்டுகிறான். கதை உச்சியில் ஏறி நின்ற அந்நிலையில் திரை விழுந்தது.

நிறுத்தத்திற்குக் காரணமாக வைஸ்மன் பின்னர் எடுத்துரைத்தது விளையாட்டுப் பொம்மைகள் பற்றியது. இத்தகைய தொடரை உருவாக்கப் பெரும்பொருள் வேண்டும். அப்பொருளின் ஒரு பகுதியை, கதைமாந்தர் உருவில் பொம்மை செய்து விற்கும் நிறுவனம் அளித்தது. ‘மாட்டெல்’ என்னும் அந்நிறுவனத்தின் பொம்மைகள் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அது கைவிரித்ததும் அந்த இடைவெளியை நிரப்ப வேறு பொருள் இல்லை. ஆதலின் தொடர் நின்றது. கதையின் விதியைக் கதைக்கு வெளியே இருந்த கடைத்தெரு முடிவுசெய்தது.

வைஸ்மன் இதற்கு முன்பும் இத்தகைய இழப்பைக் கண்டவர். விக்டர் குக்குடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘தி ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்-மேன்’ 2008-இல் தொடங்கி 26 பகுதிகளோடு 2009-இல் நின்றது. அங்குக் காரணம் உரிமை. சிலந்தி வீரனைத் தொலைக்காட்சிக் கதையாக்கும் உரிமை சோனி நிறுவனத்தின் கையிலிருந்து மார்வெல் நிறுவனத்திற்கு மீண்டது. பழைய தொடரைத் தொடர்தல் அதன்பின் இயலாததாயிற்று. ஆக, பொம்மை விற்பனை ஒரு தொடரையும், உரிமை மாற்றம் மற்றொரு தொடரையும் நிறுத்தின. இரண்டிலும் சுவைஞர் கருத்து எவராலும் கேட்கப்படவில்லை.

கருத்தின் வகைகள்

‘யங் ஜஸ்டிஸ்’ நின்றபின் எழுந்த கருத்துகளை வகைப்படுத்தின் நான்காகக் காணலாம்.

முதலாவது, கதையின் கட்டமைப்புப் பற்றியது. முதற்பருவத்திற்கும் இரண்டாம் பருவத்திற்கும் இடையே கதையில் ஐந்தாண்டுகள் கடந்துவிடுகின்றன. நேற்று நாம் கண்ட இளைஞர் இன்று முதிர்ந்து நிற்கின்றனர்; புதியோர் பலர் வந்துள்ளனர். இது வளர்ச்சியைக் காட்டும் உத்தி என்று பாராட்டினர் சிலர். நாம் அன்பு கொண்டவர்கள் வளரும் காட்சியை நம்மிடமிருந்து பறித்த செயல் என்று வருந்தினர் வேறு சிலர். இரு சாராரும் கதையிலிருந்தே சான்று காட்டி வழக்காடினர்.

இரண்டாவது, பாத்திரத்தின் முடிவு பற்றியது. வாலி இறந்தானா, வேறெங்கோ உள்ளானா என்னும் வினா ஆண்டுக்கணக்கில் நீடித்தது. உடல் காட்டப்படாமையின் உயிரோடுள்ளான் என்பர் ஒரு சாரார். அவன் இழப்பே கதைக்கு எடை தருவது என்பர் மற்றொரு சாரார்.

மூன்றாவது, நிறுத்தியவரைப் பற்றியது. இங்குத்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 2013 இறுதியில் பால் டினி என்னும் புகழ்பெற்ற கார்ட்டூன் எழுத்தாளர் ஒரு நேர்காணலில், சிறுமியர் மிகுதியாகப் பார்ப்பதை நிறுவனத்தார் விரும்புவதில்லை, அவர்கள் பொம்மை வாங்குவதில்லை என்று கருதுகின்றனர் என்னும் பொருள்படப் பேசினார். சுவைஞர் பலர் இதனை ‘யங் ஜஸ்டிஸ்’ நின்றதற்குக் காரணமாகவே கொண்டனர். சிறுமியர் பார்த்ததால் தொடர் கொல்லப்பட்டது என்னும் செய்தி விரைந்து பரவியது. படைத்தவராகிய வைஸ்மன் கூறிய காரணமோ பொம்மை விற்பனையும் அதனால் அற்றுப்போன பொருளுமே. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. சினம் தரும் காரணத்தை உண்மைக் காரணமாக ஏற்றுக்கொள்ளுதல் மக்கள் இயல்பு. எப்பொருளையும் யார்வாய்க் கேட்பினும் மெய்ம்மை காணவேண்டும் என்று வள்ளுவர் வற்புறுத்தும் நெறிக்கு இதனினும் தக்க பாடம் பள்ளிப் பிள்ளைகட்கு வேறில்லை.

நான்காவது, மீட்பு வேண்டுவது. இவர்கள் புலம்புவதோடு நில்லாமல் செயலில் இறங்கினர். கட்டணம் செலுத்திப் படம் பார்க்கும் ‘நெட்பிளிக்ஸ்’ நிலையத்தில் பழைய பகுதிகள் கிடைத்தன. அவற்றை மீண்டும் மீண்டும் பார்க்குமாறு வைஸ்மன் 2016-இல் வேண்டினார். சுவைஞரும் அங்ஙனமே செய்தனர். எத்தனை பேர் பார்த்தனர் என்பது அங்குக் கணக்கில் ஏறும். பொம்மைக்கடையில் பதிவாகாத அன்பு இங்கு எண்ணாகப் பதிவாயிற்று. 2016 நவம்பரில் மூன்றாம் பருவம் வரும் என்று ‘வார்னர் பிரதர்ஸ்’ அசைவோவியப் பிரிவு அறிவித்தது. 2019 சனவரியில் அது வெளிவந்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டு மௌனத்தின்பின் கதை மீண்டும் பேசிற்று. நான்காம் பருவம் 2021 அக்டோபரில் தொடங்கி 2022 சூனில் நிறைவுற்றது. நான்கு பருவங்களும் சேர்ந்து 98 பகுதிகள்.

மீண்டு வந்தபின் அனைவரும் மகிழ்ந்தனர் என்று எண்ணுதல் கூடாது. பாத்திரங்கள் அளவிறந்து பெருகிவிட்டன, பழைய தோழர்க்கு இடமில்லை என்று குறை கூறினோர் பலர். கேட்டது கிடைத்தபின்னும் குறை கூறுதல் நன்றியின்மை ஆகாதோ என்று சிலர் வினவலாம். ஆகாது. அன்பினால் கேட்டவர்களே அறிவினால் அளந்தும் பார்த்தனர். சுவைஞன் கொடிபிடிப்போன் மட்டும் அல்லன். துலாக்கோல் பிடிப்போனும் அவனே.

தமிழ் மரபில் இதற்கு இடமுண்டா?

கதை நின்றதும் வாசகர் எழுந்து கேட்டல் நமக்குப் புதிய பழக்கம் அன்று. ‘கல்கி’ இதழில் 1950 முதல் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ 1954-இல் முடிவுற்றபோது, பல பாத்திரங்களின் பின்வரலாறு சொல்லப்படவில்லை என்னும் குறை வாசகரிடையே எழுந்தது. ஆசிரியர் கல்கி அக்குறையைப் புறந்தள்ளவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, யார் யார் பின்னர் என்னவாயினர் என்று எடுத்துரைத்தார். அதே ஆண்டு திசம்பரில் அவர் மறைந்தார். அப்போது அவர் எழுதிவந்த ‘அமரதாரா’ நடுவில் நின்றது. தந்தையின் குறிப்புகளைத் துணைக்கொண்டு மகளார் ஆனந்தி அதனை நிறைவுசெய்தார். முன்னதில் வாசகர் குரல் முடிவுரை பெற்றுத் தந்தது. பின்னதில் அன்புடையார் கை கதையை நிறைவித்தது.

இன்னும் பின்னோக்கிச் செல்லின், இழந்த நூல்கள் இவ்வுண்மையை ஆழமாக உணர்த்தும். ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. வளையாபதியின் 70 அளவிலான பாடல்களும், குண்டலகேசியின் 19 பாடல்களுமே எஞ்சியுள்ளன. அவை எஞ்சியது எங்ஙனம்? அந்நூல்களைப் படித்துச் சுவைத்த உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்துக் காட்டினர். புறத்திரட்டைத் தொகுத்தவர் தாம் விரும்பிய பாடல்களைத் திரட்டி வைத்தார். குண்டலகேசியை மறுப்பதற்கென்றே எழுந்த நூல் நீலகேசி. அந்நீலகேசியின் உரையும் குண்டலகேசியைப் பற்றி நமக்கு அறியத் தருகிறது. புகழ்ந்தவர் மட்டுமேயன்றி இகழ்ந்தவரும் சேர்ந்தே அந்நூலின் பெயரைக் காத்தனர். எவரும் பேசாத நூல்களோ பெயரும் இன்றி அழிந்தன. பேச்சு நின்றபோதுதான் நூல் உண்மையில் மறைகிறது.

இதனை நம் காலத்து நிகழ்ச்சியோடும் பொருத்திக் காணலாம். 1924-இல் கோலாலம்பூரில் தோன்றிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019-இல் நின்றது. அதில் வந்த தொடர்கதைகளைப் பற்றி வாசகர் எழுதியவற்றுள் எவையெல்லாம் பேணப்பட்டன என்பது நாம் ஒவ்வொருவரும் நம்மை வினவிக்கொள்ளத்தக்கது. கதையைப் பேணுவது நூலகத்தின் கடமை. கதையைப் பற்றி எழுந்த பேச்சைப் பேணுவது யார் கடமை?

கோபாலும் நம் பிள்ளைகளும்

இவ்வினா வெறும் பழமை பற்றியது அன்று. சைபர்ஜெயாவைச் சேர்ந்த ‘அனிமோன்ஸ்தா’ நிலையம் உருவாக்கிய ‘போபோய்பாய்’ 2011-இல் தொலைக்காட்சியில் தொடங்கி, பின் திரைப்படமாகவும் 2016 முதல் ‘போபோய்பாய் கேலக்சி’ என்னும் புதிய தொடராகவும் வளர்ந்தது. அதில் வீரனுடைய தோழர்களுள் ஒருவன் கோபால். பொருள்களை உணவாக மாற்றும் ஆற்றல் உடையவன். உணவில் பெருவிருப்பமும் எதற்கும் அச்சமும் உடையவன். வேண்டியபோது துணிந்து நிற்பவனும் அவனே. ‘டேய்’ என்னும் நம் விளிச்சொல் அவன் வாயிலாக மலாய்ச் சிறுவர் செவிகளிலும் புகுந்துள்ளது.

கோபாலைப் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்து எழ இடமுண்டு. பல இனத்துச் சிறுவர் சேர்ந்த வீரர் அணியில் நம் பெயருடையவன் ஒருவன் சமமாக நிற்கிறான்; நம் பிள்ளை தன்னைத் திரையில் காண்கிறான்; இது பெருமை என்பது ஒன்று. அணியில் அஞ்சுபவனும் உண்பவனும் நகைக்கப்படுபவனும் ஏன் நம்மவனாக இருக்கவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. அச்சமும் நகையும் பெருமிதமும் ஒருவனிடத்தே கூடுவதை மேலே கெலுவாங் மேனிடம் கண்டோம். அக்கூட்டம் கோபாலிடத்தும் நிகழ்கிறதா, அன்றி நகை மட்டுமே நிற்கிறதா என்பதைப் பகுதி பகுதியாகச் சான்று காட்டி ஆராயத்தக்கவர் அத்தொடரைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளே.

அவர்கள் ஆராய்கின்றனர், ஐயமில்லை. ஆயின் எம்மொழியில் ஆராய்கின்றனர்? மலாயில் கண்ட தொடரைப் பற்றி மலாயில் பேசுகின்றனர். ஆங்கிலத்தில் கண்டதைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுகின்றனர். தமிழ் அவர்கட்குத் தேர்வுக்குரிய மொழியாக நிற்க, விருப்பு வெறுப்புகளை வாதாடும் மொழியாகப் பிறமொழிகள் அமைகின்றன. ஒரு மொழியில் சினந்து வாதாடி, சான்று காட்டி, மறுப்பைத் தாங்கி, மீண்டும் வாதாடாதவன் அம்மொழியில் சிந்திக்கப் பழகான். இந்நாட்டில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்தா பள்ளியில் பயிலும் பிள்ளையும், கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக் கடைகளைக் கடந்து வீடு திரும்பும் பிள்ளையும், தனக்குப் பிடித்த வீரனைப் பற்றித் தமிழில் நாலு பத்தி எழுத இயலுமாயின், அது கட்டுரைப் பயிற்சியினும் பெரிய பயனாகும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

இதற்கு முன்னோர் வழியொன்று நமக்கு உண்டு. 1950-களில் ‘தமிழ் முரசு’ நாளிதழ் நடத்திய மாணவர் மணிமன்றம் சிறுவர் எழுத்துக்கு இடமளித்தது. மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர் பலர் அங்கு எழுதிப் பழகியவர்கள். சிறுவன் எழுதியதை அச்சில் ஏற்றியதே அவனை எழுத்தாளன் ஆக்கிற்று. அத்தகைய இடம் இன்று ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு குறிப்பேட்டின் அளவிலேனும் அமைதல் இயலும்.

பிள்ளைகள் கருத்துக் கூறும்போது ஆசிரியர் மூன்றினை வேண்டலாம். முதலாவது, ‘நன்று’, ‘மோசம்’ என்று கூறி நில்லாமல் எக்காட்சியால் அங்ஙனம் தோன்றிற்று என்று சுட்டுதல். இரண்டாவது, கதையின் குறையையும் கதைக்கு வெளியே நேர்ந்த குறையையும் பிரித்தறிதல். ஐந்தாண்டு இடைவெளி ஆசிரியன் செய்தது, பொம்மை விற்காமை அவன் செய்ததன்று. மூன்றாவது, காரணம் கூறுமிடத்து அதனைச் சொன்னவர் யார், அவர்க்கு அது தெரிந்திருக்க வழியுண்டா என்று கேட்டல். இம்மூன்றும் அமைந்த பேச்சு, அது பதினொரு வயதுச் சிறுமி பேசியதாயினும், திறனாய்வே.

இவற்றோடு, நின்ற கதையை நிறைவுசெய்யும் பயிற்சியும் பயன் தரும். வாலி மறைந்தபின் கதை எங்ஙனம் செல்லவேண்டும், போர்ஹான் மருத்துவமனையிலிருந்து விடுபட்டபின் அவனை ஊர் ஏற்குமா, கோபால் தலைவனாக நிற்கும் பகுதி எத்தகையது என்று பிள்ளைகள் எழுதட்டும். அயலார் படைத்த பாத்திரமாயினும் எழுதும் மொழி தமிழாகிறது. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைத் தந்தபோது, ஆங்கில நாட்டில் பிறந்த அவ்வீரனைத் தமிழ்ச் சிறுவர் தமக்குரியவனாகவே கொண்டனர். பிறந்த மண்ணை அவர்கள் கேட்கவில்லை. அவன் பேசிய தமிழே அவனை நம்மவன் ஆக்கிற்று.

தொடர் நிற்பதைச் சுவைஞர் தடுக்க இயலாது. பொருள் அளிப்பவனும் உரிமை உடையவனும் அதனை முடிவுசெய்வர். அன்பு எண்ணாகப் பதிவாகும் இடத்தில் சில வேளை கதை மீளும், பெரும்பாலும் மீளாது. ஆயின் நின்றபின் அது நினைக்கப்படுமா, மறக்கப்படுமா என்பது சுவைஞர் கையில் உள்ளது. கெலுவாங் மேனை மலாய் மக்கள் மலாயில் பேசிக் காத்தனர். வாலி வெஸ்ட்டை ஆங்கிலம் பேசுவோர் ஆங்கிலத்தில் வாதாடிக் காத்தனர். நாளை தமிழ் பேசும் அருந்திறல் வீரன் ஒருவன் நம் திரையில் தோன்றுவானாயின், அவனைப் புகழவும் பழிக்கவும் அவன் நின்றபின் நினைக்கவும் தமிழில் பேசத்தெரிந்த பிள்ளைகள் அவனுக்கு வேண்டும். அப்பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளில்தான் அமர்ந்துள்ளனர்.